சபைக்கு உயிர் இருக்கிறதா? மெதடிஸ்த சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1744ஆம் ஆண்டு ஜூன் மாதம், இங்கிலாந்தில் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய குருவானவர் ஜோன் வெஸ்லி, தம் முதல் மாநாட்டை லண்டனில் கூட்டினார். வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். என்ன போதிப்பது, எப்படிப் போதிப்பது, என்ன செய்வது என்ற மூன்றையும் பேசி, பேசியதைக் கேள்வியும் பதிலுமாகவே எழுதி வைத்தார்கள். ஆகவே இந்த வடிவம் மெதடிஸ்தருக்குப் புதிதன்று.

கீழே உள்ளவை இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் பிரசங்கத்துக்குப் போகும்போது, ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில் சபையார் என்னிடம் கேட்டவை. நான் குருவானவர் அல்லன்; உள்ளூர்ப் பிரசங்கி. என் பதில்களில் சாய்வு உண்டு. அது எந்தப் பக்கம் என்பது மூன்றாவது கேள்விக்குள் தெரிந்துவிடும்.

எங்கள் சபை உயிரோடிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று ஞாயிறாக வராத ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் ஏன் வரவில்லை என்று பின்வரிசையில் இருப்பவரிடம் கேளுங்கள். போதகரிடம் கேட்காதீர்கள், அவருக்குத் தெரிந்திருப்பது அவர் கடமை. "காலில் புண் ஆறவில்லை, புதன்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்" என்று பின்வரிசைக்காரர் சொன்னால் சபைக்கு உயிர் இருக்கிறது. "அப்படியா, அவர் வரவில்லையா?" என்று அவர் திருப்பிக் கேட்டால், கூரை புதிதாயிருந்தாலும் ஒலிபெருக்கி நன்றாயிருந்தாலும் யோசிக்க வேண்டிய நிலைதான்.

"நீ உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய்" என்பது வேதாகமத்தின் வெளிப்படுத்தல் நூலில் சர்தை சபைக்கு எழுதப்பட்ட வார்த்தை. வெஸ்லிக்கும் இதே கவலை இருந்தது. மெதடிஸ்தர் இல்லாமல் போய்விடுவார்களோ என்று தாம் அஞ்சவில்லை, வல்லமை போய் வேஷம் மட்டும் மிஞ்சிய கூட்டமாக இருந்துவிடுவார்களோ என்றுதான் அஞ்சுவதாக அவர் 1786இல் எழுதினார். அப்போது இயக்கம் வளர்ந்துகொண்டுதான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் எண்ணிக்கை முக்கியமில்லையா?

முக்கியம்தான். எண்ணிக்கையைப் பற்றிக் கவலையில்லை என்று சொல்லும் சபைகளில் பெரும்பாலானவை குறைந்துகொண்டு போகும் சபைகள். ஆனால் எதை எண்ணுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் உள்ள பெயர்களில் பாதி கனடாவிலும் லண்டனிலும் இருக்கும். சில கல்லறையில் இருக்கும். கடந்த மாதம் எத்தனை வீடுகளுக்குப் போனோம், எத்தனை பேர் ஒருவரோடொருவர் வாய்விட்டுப் பேசினார்கள், ஆலயத்துக்கு வெளியே உள்ள எத்தனை பேருக்கு நம்மால் ஒரு நன்மை நடந்தது, இவற்றையும் எண்ணுங்கள்.

வகுப்புக் கூட்டம் என்று பழையவர்கள் சொல்கிறார்களே, அது என்ன?

இதைக் கேட்டதற்காக உங்களுக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றலாம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1739இல் மெதடிஸ்தர் ஒரு கூட்ட மண்டபம் கட்டத் தொடங்கினார்கள். கட்டடம் என்றால் கடன் என்பது அன்றும் மாறாத விதி. 1742 பெப்ரவரி 15 அன்று அந்தக் கடனை எப்படி அடைப்பது என்று பேசக் கூடினார்கள். ஃபோய் என்ற கப்பல் தலைவர் எழுந்து, கடன் தீரும்வரை ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார். பலருக்கு அதற்கும் வழியில்லையே என்று வேறொருவர் சொன்னார். ஃபோய் சொன்ன பதில்தான் மெதடிஸ்த வரலாற்றையே திருப்பியது: மிகவும் ஏழைகளான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் கொடுக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அவர்களுக்காகவும் நானே கொடுக்கிறேன், நீங்களும் ஒவ்வொருவரும் பக்கத்தில் உள்ள பதினொரு பேரை வாரந்தோறும் போய்ப் பாருங்கள் என்றார்.

அப்படியே போனார்கள். பென்னி வாங்கப் போனவர்கள் வீட்டுக்குள் இருந்ததையும் பார்த்தார்கள்: ஒரு வீட்டில் குடி, இன்னொன்றில் சண்டை, வேறொன்றில் பல நாள் நோய். திரும்பி வந்து வெஸ்லியிடம் சொன்னார்கள். இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று அவருக்குப் பிடிபட்டது. ஆயிரக்கணக்கானவர்களைத் திறந்த வெளியில் பிரசங்கத்தால் எழுப்ப அவரால் முடிந்தது. எழுந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. அந்த வேலையைப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவின் தலைவர் செய்ய முடியும். வீடு வீடாகப் போவதில் நேரம் கழிந்ததாலும் வேறு சிக்கல்கள் எழுந்ததாலும், பன்னிரண்டு பேரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடினார்கள். அதுவே வகுப்புக் கூட்டம். காலாண்டுக்கு ஒருமுறை அங்கத்தவருக்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள். ஒழுங்காக வராதவருக்குச் சீட்டு கிடையாது.

தீமை செய்யாதே, இயன்ற நன்மையெல்லாம் செய், தேவன் ஏற்படுத்திய நியமங்களைக் கைக்கொள் என்ற மூன்று பொது விதிகளும் 1743இல் இந்தக் குழுக்களுக்காக எழுதப்பட்டவைதாம். நாம் அவற்றைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அவை எந்தக் கூட்டத்துக்காக எழுதப்பட்டனவோ அந்தக் கூட்டத்தைக் கைவிட்டுவிட்டோம்.

பிரசங்கம் நன்றாக இருந்தால் போதாதா?

போதாது. பிரசங்கிப்பவன் நானே சொல்கிறேன். 1763இல் வெஸ்லி வேல்ஸ் நாட்டின் பெம்ப்ரோக் பகுதிக்குப் போனபோது, முன்பு பிரசங்கம் மட்டும் நடந்து சங்கமும் ஒழுங்கும் ஏற்படுத்தப்படாத இடங்களைக் கண்டார். எழுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் முன்னிலும் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போஸ்தலனைப் போலப் பிரசங்கித்துவிட்டுக் கேட்டவர்களைச் சேர்த்துப் பயிற்றாமல் விடுவது, பிள்ளைகளைப் பெற்றுக் கொலைகாரன் கையில் கொடுப்பதற்குச் சமம் என்ற கருத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதினார். கடுமையான வார்த்தைதான்.

இன்று ஒரு வகுப்பை எப்படித் தொடங்குவது?

முதலில் நான் தொடங்கிக் கெடுத்த கதை. பன்னிரண்டு பேரை அழைத்தேன். வேத பாடம் ஆயத்தம் செய்தேன், அச்சடித்த தாள்கள் கொடுத்தேன், நாற்பது நிமிடம் பேசினேன். ஆறாவது வாரம் நாலு பேர் வந்தார்கள். அவர்களில் ஒரு வயதான அம்மா, "தம்பி, ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள்தான் பேசுகிறீர்கள்" என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஏழாவது வாரம் தாள் கொண்டுபோகவில்லை. எல்லை வேலித் தகராறில் என் அண்ணனோடு இரண்டு ஆண்டுகளாகப் பேசாமல் இருக்கிறேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் தம் மருமகனைப் பற்றிச் சொன்னார், இன்னொருவர் இரவில் தூக்கம் வராததைச் சொன்னார். அடுத்த வாரம் போய் உட்கார்ந்ததும் "அண்ணனிடம் போனீர்களா?" என்று கேட்டார்கள். போகவில்லை. அதற்கடுத்த வாரமும் கேட்டார்கள். மூன்றாவது வாரம், மறுபடி கேட்பார்களே என்ற வெட்கத்தில் போனேன்.

இதில் நான் கற்றவை சில. பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். ஏழெட்டு இருந்தாலும் போதும். நாளும் நேரமும் மாறக் கூடாது. ஒரு மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும், பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இருப்பார்கள். சிற்றுண்டி வேண்டாம், இன்று ஒரு வீட்டில் வடை என்றால் நாளை அடுத்த வீட்டில் வடையும் கேக்கும் என்று ஆகி, வசதியற்றவர் தம் வீட்டுக்கு அழைக்கவே கூச்சப்படுவார். வெறும் தேநீர். ஒரு பாட்டு, ஒரு சிறு வேதபகுதி, பிறகு ஒவ்வொருவரும் பேச வேண்டும், கடைசியில் ஒருவருக்காக ஒருவர் ஜெபம்.

பழைய வகுப்புகளின் கேள்வி, "உங்கள் ஆத்துமா எப்படி இருக்கிறது?" என்பது. தமிழில் அப்படியே கேட்டால், "கர்த்தருடைய கிருபையால் நன்றாக இருக்கிறேன்" என்ற மனப்பாடமான பதில்தான் வரும். அதனால் கேள்வியைக் கீழே இறக்குங்கள். இந்த வாரம் ஜெபிக்க முடிந்ததா? யாரோடாவது பேச்சு முறிந்திருக்கிறதா? எதை நினைத்துப் பயந்தீர்கள்? யாருக்காவது உதவ முடிந்ததா? தலைவரே முதலில் பதில் சொல்ல வேண்டும். அவர் மழுப்பினால் எல்லோரும் மழுப்புவார்கள்.

எங்களிடம் வீட்டு ஜெபக் கூட்டங்கள் இருக்கின்றனவே?

அவை நல்லவை. ஆனால் அங்கே நாற்பது பேர் பாய் விரித்து உட்கார, ஒருவர் பேச, வீட்டுக்காரருக்காக ஜெபித்துவிட்டுக் கலைகிறோம். அடுத்த வாரம் வேறு வீடு, வேறு முகங்கள். அங்கே யாரும் உங்களிடம் "போன வாரம் சொன்னீர்களே, செய்தீர்களா?" என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வி கேட்கப்படும் இடம் எதுவானாலும் அது வகுப்புக் கூட்டம்தான். பெயர் வேறாக இருக்கலாம்.

அங்கே சொன்னது ஊருக்குள் பரவிவிட்டால்?

நம் ஊர்களில் இது நியாயமான பயம். எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் உறவு. முதல் நாளிலேயே, இங்கே கேட்டது இங்கேயே நிற்கும் என்று ஒவ்வொருவரும் வாய்திறந்து சொல்ல வேண்டும். மீறியவரைத் தலைவர் தனியே அழைத்துப் பேச வேண்டும். வாட்ஸ்அப் குழுவை நேரம் அறிவிக்க மட்டும் பயன்படுத்துங்கள், ஜெபக் குறிப்புகளை அதில் எழுதாதீர்கள்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டியதுமில்லை. வெஸ்லியின் காலத்திலேயே, இன்னும் வெளிப்படையாகப் பேச விரும்பிய ஆண்கள் தனியாகவும் பெண்கள் தனியாகவும் சேரும் சிறு குழுக்கள் இருந்தன. அடி, உதை, பிள்ளைகளுக்கு ஆபத்து போன்ற ஒன்று வெளிவந்தால் மட்டும் இரகசியம் காக்க வேண்டும் என்று இருந்துவிடக் கூடாது. உரிய உதவியை நாட வேண்டும்.

போதகர் நன்றாக வேலை தொடங்கும்போதே மாற்றிவிடுகிறார்களே?

இந்த முறைப்பாட்டைக் கேட்காத சேகரமே இல்லை. இடமாற்றம் மெதடிஸ்தத்தின் தொடக்கத்திலிருந்தே உள்ளது. ஓரிடத்தில் ஓராண்டு முழுவதும் பிரசங்கித்தால் சபையையும் தூங்கவைத்து நானும் தூங்கிவிடுவேன் என்ற பொருளில் வெஸ்லி 1756இல் ஒரு குருவானவருக்கு எழுதினார். பிரசங்கிமார் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். சபை நிலைத்தது, வகுப்புத் தலைவர்கள் அதே தெருவில் இருந்ததால். தையற்காரர், செருப்புத் தைப்பவர், வீட்டுப் பணிப்பெண் என்று அவர்கள் யாரும் எங்கும் மாற்றப்படவில்லை.

போதகர் போனதும் வேலை நின்றுவிட்டது என்றால், வேலை அவருடையதாகவே இருந்தது என்று பொருள். புதிதாக வரும் போதகருக்கு நான் தரும் ஆலோசனை ஒன்றே: முதல் ஆண்டில் எதையும் மாற்ற வேண்டாம், ஆறு தலைவர்களைக் கண்டுபிடித்து அவர்களை ஒரு வகுப்பாக நடத்துங்கள்.

பெண்கள் தலைமை தாங்கலாமா?

இது இன்னும் கேட்கப்படுவதே எனக்கு வியப்பு. வெஸ்லியின் தாய் சுசன்னா, கணவர் லண்டனில் இருந்த 1711–12 காலத்தில், ஞாயிறு மாலை தம் பிள்ளைகளுக்காக வீட்டில் நடத்திய ஜெபத்துக்கு அயலவர் வரத் தொடங்கி, கூட்டம் இருநூறை எட்டியது. உதவிக் குரு புகார் எழுதினார். கணவர் நிறுத்தச் சொன்னார். சுசன்னா, நிறுத்த வேண்டுமானால் விருப்பமாகச் சொல்லாமல் கட்டளையாகவே எழுதி அனுப்புங்கள் என்று பதில் எழுதினார். கட்டளை வரவில்லை. 1761இல் டார்பி நகரில் சாரா கிராஸ்பி என்ற வகுப்புத் தலைவி முப்பது பேரை எதிர்பார்த்துப் போன இடத்தில் ஏறக்குறைய இருநூறு பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரோடும் பேச முடியாததால் எல்லோருக்கும் சேர்த்துப் பேசிவிட்டு, எல்லை மீறிவிட்டேனோ என்று வெஸ்லிக்கு எழுதினார். மீறவில்லை என்றே பதில் வந்தது.

நம் சபைகளில் நோயாளியைப் பார்ப்பது, செத்த வீட்டில் கடைசிவரை நிற்பது, சிறுவருக்கு வேதம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் பெண்கள்தாம். ஏற்கெனவே செய்வதற்குப் பெயர் கொடுக்கத் தயங்குகிறோம், அவ்வளவுதான்.

இளைஞர்கள் வருவதில்லையே?

பலர் நாட்டிலேயே இல்லை. போர் ஒரு தலைமுறையை அனுப்பியது. 2022இன் பொருளாதார நெருக்கடி இன்னொன்றை அனுப்பியது. போனவர்களைக் குறை சொல்லிப் பிரசங்கிப்பதால் பயனில்லை, அவர்களின் பெற்றோர்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இருப்பவர்களுக்குக் கிட்டார் வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள், பொறுப்புக் கொடுங்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளையிடம் ஐந்தாம் வகுப்புச் சிறுவர் நால்வரை ஒப்படையுங்கள். கணக்கு தெரிந்தவரிடம் சபைக் கணக்கைக் காட்டுங்கள். இதற்குத்தான் சில பெரியவர்கள் தயங்குவார்கள்.

ஆராதனை முறையை மாற்ற வேண்டுமா?

முதலில் பாட்டின் வேகத்தை மாற்றுங்கள். பாடுவது பற்றி வெஸ்லி 1761இல் எழுதிய குறிப்புகள் இன்றும் சிரிப்பூட்டும்: எல்லோரும் பாடுங்கள், பாதி செத்தவர்களைப் போல, பாதித் தூக்கத்தில் இருப்பவர்களைப் போலப் பாடாதீர்கள், மற்றவர் குரலை அமுக்கும்படி கத்தாதீர்கள், பாட்டை இழுக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கீர்த்தனையின் சரணம் முடிவதற்குள் காணிக்கைப் பை இருமுறை சுற்றிவந்துவிடும்.

மற்றபடி, தேவனுக்கு நம்மை மறுபடி ஒப்புக்கொடுக்கும்படி 1755இல் வெஸ்லி தொடங்கிய உடன்படிக்கை ஆராதனையைப் புத்தாண்டுச் சடங்காகக் கடத்திவிடாதீர்கள். அதற்கு முந்தைய வாரம் வகுப்புகளில் அதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தால், வாசிக்கும் வார்த்தைகள் தொண்டையில் கொஞ்சம் சிக்கும். சிக்க வேண்டும்.

பணத்துக்கு என்ன செய்வது?

ஆக்ஸ்போர்டில் இருந்தபோது வெஸ்லிக்கு ஓராண்டு 30 பவுண் வருமானம். 28இல் வாழ்ந்து 2ஐக் கொடுத்தார். அடுத்த ஆண்டு 60 வந்தது. அதே 28இல் வாழ்ந்து 32ஐக் கொடுத்தார். பிறகு 90 வந்தபோதும் 120 வந்தபோதும் செலவு 28தான். சபைப் பொருளாளர்கள் இந்தக் கதையை விரும்பிச் சொல்வார்கள். தங்களைப் பற்றியும் அது கேட்கிறது என்பதை மறந்துவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் மதில் கட்டுவதற்கு முன், உள்ளூரில் வாரம் ஐம்பது ரூபாய் கொடுப்பவரையும் அழைத்துக் கேளுங்கள். கணக்கை ஆலயக் கதவில் ஒட்டுங்கள்.

ஊருக்கு நாம் என்ன செய்ய முடியும்? நாம் சிறுபான்மையிலும் சிறுபான்மை.

1746இல் வெஸ்லி லண்டனில் இரண்டு காரியங்கள் தொடங்கினார்: ஏழைகளுக்கு இலவச மருந்து கொடுக்கும் நிலையம், சிறு கடன் நிதி. இருபது ஷில்லிங் வரை கடன், மூன்று மாதத்தில் திருப்பித் தர வேண்டும். நுண்கடன் தவணை கட்ட முடியாமல் வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு வகுப்பு வட்டியில்லாமல் ஒரு சிறு தொகையைச் சுழற்ற முடியும். சைவ வீடாயினும் முஸ்லிம் வீடாயினும் கொடுங்கள். கொடுத்துவிட்டு ஆலயத்துக்கு வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அப்படிப் பார்த்தால் அது கடன் அல்ல, தூண்டில்.

பலன் நம் கூடையில் விழாமலும் போகலாம். யாழ்ப்பாணத்தில் மிஷனரி பீற்றர் பேர்சிவல் நடத்திய வெஸ்லியன் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, வேதாகம மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். அவர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை நிறுவி நம்மையே எதிர்த்து நின்றார். மிஷன் கணக்கில் அது இழப்பு. தமிழ் உரைநடை வாசிக்கும் எவரும் அதை இழப்பு என்று சொல்ல மாட்டார்.

எங்கள் சபையில் ஞாயிறுக்குப் பதினைந்து பேர்தான். மூடிவிடலாமா?

பதினைந்து பேர் என்றால் ஒரு வகுப்பும் அதற்கு மேல் மூன்று பேரும் இருக்கிறார்கள். 1814இல் வெஸ்லியின் உதவியாளராயிருந்த தோமஸ் கோக் மிஷனரிமாரைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்கு வரும் வழியில் மே 3 அன்று கப்பலிலேயே இறந்தார். பணமும் அறிமுகமும் எல்லாம் அவர் பெயரில். எஞ்சிய இளைஞர்கள் ஜூன் கடைசியில் காலி நகரில் இறங்கினார்கள். அவர்களில் லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் போனார்கள். வில்லியம் ஓல்ட் தனியாக மட்டக்களப்புக்குப் போய், ஓராண்டு முடியுமுன் இறந்தார். அங்கே உள்ள மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்தச் சில மாதங்களிலிருந்துதான் கணக்கிடுகிறது. லிஞ்ச் 1817இல் சென்னைக்குப் போனார். அந்த வேலையில் பிறந்த சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன.

ஆனாலும் எல்லாச் சபையையும் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஊரே இடம்பெயர்ந்துபோய், காவலாளி மட்டும் மணி அடிக்கும் ஆலயங்கள் உண்டு. அங்கே இருக்கும் ஐந்து பேரைப் பக்கத்துச் சபை பஸ் அனுப்பிக் கூட்டிவருவதும் ஊழியம்தான்.

பலன் தெரிய எவ்வளவு காலம் ஆகும்?

ஒரு வகுப்பு உறுதிப்பட ஓராண்டு. அதிலிருந்து இரண்டாவது வகுப்பு பிரிய இன்னும் ஓராண்டு, பிரியும்போது மனத்தாங்கலும் வரும். ஞாயிறு வருகையில் வித்தியாசம் தெரிய அதற்கும் மேல் ஆகலாம். இந்தப் பதிலைக் கேட்டதும் நிர்வாகக் குழுவில் சிலர் எழுந்து போவார்கள்.

எல்லாம் சரி, வகுப்புத் தலைவராக யாரும் முன்வரவில்லையே?

மேடையில் அறிவித்துக் கேட்டால் யாரும் வர மாட்டார்கள். வருகிறவரைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கவும் வேண்டும். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு முதலில் போய் நிற்பவர் ஒருவர் உங்கள் சபையில் இருப்பார். அவர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். தனக்குப் பிரசங்கம் தெரியாது என்பார். அதனால்தான் உங்களிடம் வந்தோம் என்று சொல்லுங்கள். நாலு பேரைத்தான் தனக்குத் தெரியும் என்பார். நாலு பேர் போதும். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, அவர் வீட்டு முற்றத்தில்.